பாழடைந்த ஆலையும் ஓவியனின் தூரிகையும்



படைப்பின் காலத்தையொட்டி எங்கள் பங்கில் மறைக்கல்விச் சிறாருக்கு ஓவியப் போட்டி ஒன்று நடத்தினோம். ‘இறைவன் படைத்த உலகம்’ என்பது தலைப்பு. வந்த ஓவியங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன. இரண்டு மலைகள், நடுவே சூரியன், நீல நிறத்தில் ஓர் ஆறு, கரையில் தென்னை மரம். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் கூரை இடிந்த ஆலையையும், அதன் அருகே குப்பை மேட்டையும், மஞ்சள் நிறத் தண்ணீர் நிறைந்த கிணற்றையும் வரைந்திருந்தாள். ‘தலைப்புக்குப் பொருந்தவில்லை’ என்று அதை ஒதுக்கி வைத்தோம்.

பரிசளிப்பு முடிந்தபின் அவள் எங்களிடம் வந்தாள். “ஃபாதர், எங்க பாட்டி ஊரு ராணிப்பேட்டை பக்கம். அங்க இப்படித்தான் இருக்கும். அதுவும் கடவுள் படைச்ச இடம்தானே?” என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே தேடிப் பார்க்கிறோம்.

வண்ணமும் நஞ்சும்

அச்சிறுமி வரைந்த மஞ்சள் தண்ணீர் கற்பனை அல்ல. ராணிப்பேட்டையில் இயங்கிவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்னும் ஆலை, தோல் பதனிடத் தேவையான குரோமிய வேதிப்பொருள்களைத் தயாரித்தது. 1990-களின் நடுவில் அது மூடப்பட்டது. ஆனால் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு, அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அங்கேயே கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அந்தக் கழிவிலுள்ள நஞ்சு கரைந்து, நிலத்தடி நீரில் கலந்தது. 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிகவும் மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, அதில் ராணிப்பேட்டையும் இருந்தது.

குரோமியம் என்ற பெயரே ‘வண்ணம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1797-இல் பிரெஞ்சு அறிவியலாளர் வோக்லென் இந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்தார். விரைவிலேயே அதிலிருந்து பளிச்சிடும் மஞ்சள் வண்ணம் தயாரிக்கப்பட்டு, ஓவியர்களின் கைக்கு வந்தது. 1888-இல் வின்சென்ட் வான் கோ வரைந்த புகழ்பெற்ற சூரியகாந்திப் பூக்கள் மலர்ந்தது இந்தக் குரோம் மஞ்சளில்தான். அந்த மஞ்சள் காலப்போக்கில் ஏன் பழுப்பேறுகிறது என்பதை 2011-இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், ஒளி பட்டு மூன்று இணைதிறன் கொண்டதாக மாறுவதே காரணம்.

நீரில் எளிதில் கரைந்து புற்றுநோயை உண்டாக்கக்கூடியது இந்த ஆறு இணைதிறன் குரோமியமே. ஓவியத்தில் சூரியகாந்தியாக மலர்ந்த அதே பொருள், நம் மண்ணில் கிணற்று நஞ்சாக மாறிவிட்டது. பொருளில் பாவம் இல்லை. இறைவன் படைத்தது அனைத்தும் நல்லதே. அதைப் பயன்படுத்திப் பணம் ஈட்டியபின், எஞ்சியதை ஏழையின் வாசலில் கொட்டிவிட்டுப் போகும் மனித மனத்தில்தான் பாவம் இருக்கிறது.

அழகற்றதை ஏன் வரைய வேண்டும்?

இங்கிலாந்தில் எல்.எஸ்.லவுரி (1887–1976) என்றோர் ஓவியர் இருந்தார். மான்செஸ்டர் நகரில் வீட்டு வாடகை வசூலிப்பது அவருடைய வேலை. தொழிலாளர் குடியிருப்புகளில் தெருத்தெருவாக நடந்தவர், புகைபோக்கிகளையும் பஞ்சாலைகளையும் கூன் விழுந்த மனிதர்களையும் வரைந்தார். 1937-இல் அவர் வரைந்த ‘ஏரி’ என்ற ஓவியத்தில் தாமரையோ படகோ இல்லை. ஆலைகள் சூழ்ந்த பாழ்நீர்தான் இருக்கிறது. யாரும் நின்று பார்க்க விரும்பாத இடத்தை நின்று பார்க்க வைத்தார் அவர்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இன்னொரு முயற்சி நடந்தது. அங்கே கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து இரும்பு கலந்த அமில நீர் வழிந்து, ஓடைகளைச் செந்நிறமாக்கி மீன்களை அழித்தது. ஓவியர் ஜான் சாப்ராவும் பொறியாளர் கை ரீஃப்ளரும் சேர்ந்து, அந்த நீரிலிருந்து இரும்பைப் பிரித்தெடுத்து வண்ணப்பொடியாக்கினார்கள். ஓடையைக் கெடுத்த கசடு ஓவியமாகிறது. தூய்மையான நீர் ஓடைக்குத் திரும்புகிறது.

இத்தகைய ஓவியங்கள் நம்பிக்கைக்கு எதிரானவையா? புனித இரண்டாம் யோவான் பவுல் 1999-இல் கலைஞர்களுக்கு எழுதிய மடலில், தீமையின் இருண்ட பக்கங்களைத் தொடும்போதுகூடக் கலைஞர்கள் ஒருவகையில் மீட்புக்கான ஏக்கத்திற்கே குரல் கொடுக்கிறார்கள் என்று குறிப்பிட்டார்.

நம் கோவிலுக்குள் நுழைந்து சுவர்களைப் பாருங்கள். சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகள் அங்கே உள்ளன. விழுந்து கிடக்கும் உடலையும் கிழிந்த ஆடையையும் ஆணி அடித்த கைகளையும் நாம் மறைக்கவில்லை; முழந்தாளிட்டுத் தியானிக்கிறோம். உயிர்த்த ஆண்டவரும் தம் காயங்களை அழித்துவிட்டு வரவில்லை. தோமாவுக்கு அவற்றைக் காட்டினார். காயத்தைப் பார்க்க மறுப்பவருக்கு உயிர்ப்பின் பொருளும் விளங்காது.

மண்ணின் காயங்களும் அப்படியே. உலகிற்கு நேர்வதை நம் சொந்தத் துன்பமாக உணர வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் அழைப்பு விடுத்தார். நீல ஆற்றை மட்டுமே வரையச் சொன்னால், நம் குழந்தைகளை அந்த உணர்விலிருந்து நாமே தடுக்கிறோம்.

சீமோனின் வீட்டில் பேதுரு

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பகுதிகளில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுவது தோல் தொழில். காலையில் ஷூ கம்பெனி வேனுக்காகக் காத்து நிற்கும் தாய்மார்கள் நம் பங்கு மக்களே. திருத்தூதர் பேதுரு யோப்பாவில் தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில்தான் (திப 9:43). யூதர் இழிவாகக் கருதிய தொழில் அது. அந்த வீட்டு மாடியில்தான், கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று கருதக் கூடாது எனப் பேதுரு கற்றுக்கொண்டார். ஆகவே தொழிலாளரையோ தொழிலையோ நாம் பழிக்கவில்லை.

பாதிப்பை முதலில் சுமப்பவர்களும் அவர்களே. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில், தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் உயிரிழந்தனர். பிழைப்பு தேடி வெளிமாநிலத்திலிருந்து வந்து, அங்கே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் அவர்களுள் பெரும்பாலோர்.

விவசாயிகளின் நிலையும் அதுவே. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்பதை, 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்ததும் அத்தீர்ப்பே. 2025 ஜனவரி 30 அன்று, பாலாற்று மாசு குறித்து அதே நீதிமன்றம் மீண்டும் இழப்பீட்டுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! நாபோத்தின் திராட்சைத் தோட்டம் (1 அர 21) பழங்கதை அல்ல.

நாம் என்ன செய்யலாம்?

நம் கணியம்பாடி பகுதியிலேயே நம்பிக்கையின் அடையாளம் ஒன்று உண்டு. வறண்டு கிடந்த நாகநதியை மீட்க, வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் கிராமப் பெண்கள் 100 நாள் வேலைத் திட்டத்தின் மூலம் நீர் செறிவூட்டும் கிணறுகளை அமைத்தார்கள். வெயிலில் மண் சுமந்த அந்தக் கைகள், எசேக்கியேல் கண்ட உயிர்தரும் ஆற்றை (எசே 47) நமக்கு நினைவூட்டுகின்றன.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்: நம் ஊரில் நாம் பார்க்க விரும்பாமல் கடந்து போகும் இடம் எது? சிறாரையும் இளையோரையும் அந்த இடத்திற்கு அழைத்துச் செல்வோம். கண்டதைக் கண்டபடி வரையச் சொல்வோம். பெரியவர்கள் அதன் கதையைச் சொல்லட்டும். பார்த்தபின் மனு எழுதுவதா, மரம் நடுவதா, தொழிலாளரின் பாதுகாப்புக்குக் குரல் கொடுப்பதா என்று கூடி முடிவு செய்வோம். பார்க்காத ஒன்றை யாரும் குணப்படுத்த முடியாது.

அச்சிறுமியின் ஓவியத்தை இப்போது எங்கள் மறைக்கல்வி வகுப்பறையில் மாட்டியிருக்கிறோம். அவளுக்கு எங்கள் பதில் இதுதான்: “ஆம் மகளே, அதுவும் கடவுள் படைத்த இடமே. அதனால்தான் அது அப்படியே கிடக்கக் கூடாது.”

செபிப்போம்: படைப்பின் இறைவா, நாங்கள் காயப்படுத்திய மண்ணை நேருக்கு நேர் பார்க்கும் துணிவை எங்களுக்குத் தாரும். எங்கள் பாராமுகத்தை மன்னித்து, வறண்ட எங்கள் ஆறுகளையும் மனங்களையும் உயிர்ப்பித்தருளும். ஆமென்.