விழிக்க மறுக்கும் கணினி

புத்தளம், கற்பிட்டி, முந்தல், உடப்பு, சிலாபம் என்று நீளும் நம் கரையோர ஊர்களில் வீட்டுக் கணினி என்பது பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அக்காளின் திருமணப் படங்களும், தம்பியின் உயர்தரப் பாடக் குறிப்புகளும், தந்தையாரின் உப்பளக் கணக்கும் ஒரே வன்தட்டில் குடியிருக்கின்றன. அத்தகைய கணினி ஒருநாட் காலை, கருந்திரையில் ‘என்.ரி.எல்.டி.ஆர். இஸ் மிசிங்’ என்ற ஒற்றை வரியைக் காட்டி நின்றுவிட்டால் வீடே கலங்கிப் போகிறது. கலங்கிய மனம் உடனே நாடுவது ‘போர்மட்’ என்னும் கோடரியை. கோப்பு முறைமையை மாற்றிய பிறகு இவ்வரி தோன்றியிருக்குமானால், பெரும்பாலும் அக்கோடரிக்கு வேலையே இல்லை.

ஏன் என்று பார்ப்போம். 1667-இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டை கற்பிட்டியில் இன்றும் நிற்கிறது. அவர்கள் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளில் காணிகளைப் பதிந்து வைத்த ஏடுகளுக்குத் தோம்பு என்று பெயர். கோப்பு முறைமையும் ஒரு தோம்புதான். எந்தக் கோப்பு தட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். 1996-இல் வந்த எப்.ஏ.ரி. 32 என்ற தோம்பில், 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பொன்றைப் பதிய இயலாது. என்.ரி.எப்.எஸ். என்பதில் அத்தடை இல்லை. அது 1993-லேயே பிறந்துவிட்டது. ஆயினும் 2001-இல் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்த பின்னரே வீடுகளில் பரவியது. மூத்தது பிந்தி வந்த விந்தை!

‘கன்வேர்ட்’ என்னும் கட்டளை தோம்பைத்தான் புதிதாக எழுதுகிறது, காணியைப் பெயர்ப்பதில்லை. படங்களும் பாடங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் வாயிலில் ஒரு காவலாளி உண்டு. பகிர்வின் தொடக்கத்தில், 512 பைட் அளவேயான முதற்பிரிவில் ஆரம்பிக்கும் சிறு நிரலே அவன். விண்டோஸை எழுப்பும் கோப்பைத் தேடிக் கொடுப்பது அவன் வேலை. பழைய எழுத்தை மட்டும் படித்தறிந்தவனுக்குப் புதிய தோம்பு விளங்காது. கன்வேர்ட் கட்டளை அவனையும் மாற்றிவிட வேண்டும். வழக்கமாக மாற்றியும் விடுகிறது. வேலை இடையில் அறுந்துபோனாலோ, தட்டின் அளவுக் குறிப்புகள் பிழைபட்டாலோ, இருக்கும் கோப்பையே ‘காணவில்லை’ என்று சொல்லிவிடுகிறான்.

இடையில் அறுவது நமக்குப் புதிதா என்ன? 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நம் நுரைச்சோலையிலேயே இருக்கிறது. அயலவர் என்று அது நமக்குத் தனிச் சலுகை காட்டுவதில்லை. 2025 பெப்ரவரி 9 அன்று, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கால் நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட கோளாறில் நாடே இருண்டபோது நுரைச்சோலையும் நின்றது. ஆகவே மின்கலத் துணையின்றி இம்மாற்றத்தைத் தொடங்குவது துணிச்சலன்று, விபரீதம்.

நின்றுபோன கணினியில் முதலில் பென்டிரைவ் ஏதும் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள். அதிலிருந்து எழ முயன்றும் இதே வரி தோன்றுவதுண்டு. அடுத்து, தட்டைக் கழற்றி யூ.எஸ்.பி. இணைப்பி வழியாக வேறு கணினியில் பொருத்தி, வேண்டியவற்றை எல்லாம் பிரதி எடுத்துவிடுங்கள். திருத்தம் அதற்குப் பின்னரே. எக்ஸ்.பி. இறுவட்டிலிருந்து கணினியைத் தொடக்கி, ‘ஆர்’ விசையை அழுத்தினால் மீட்புத் திரை வரும். அங்கே ‘பிக்ஸ்பூட்’ என்ற கட்டளை புதிய காவலாளியை நியமிக்கும். அப்போதும் விழிக்காவிட்டால், காணாமற்போனதாகச் சொல்லப்படும் கோப்பை இறுவட்டின் ‘ஐ386’ உறையிலிருந்து பிரதி செய்யலாம். ‘பிக்ஸ்எம்.பி.ஆர்.’ கட்டளையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே தட்டில் லினக்ஸும் இருந்தால் அதன் வாயில் அடைபட்டுவிடும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14-இல் முடிந்ததால், 11-க்கு மாற முயல்வோர் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரனான இன்னொரு தொல்லையைச் சந்திக்கிறார்கள். பகிர்வு அட்டவணையை எம்.பி.ஆர். முறையிலிருந்து ஜி.பி.ரி. முறைக்கு மாற்றியதும் கணினி எழ மறுக்கிறது. இங்கே தட்டில் எதையும் எழுத வேண்டியதில்லை. பயோஸ் அமைப்பிற்குள் சென்று, ‘லெகசி’ என்றிருப்பதை ‘யூ.இ.எப்.ஐ.’ என்று மாற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். அந்த வசதி தங்கள் கணினியில் உண்டா என்பதை மாற்றத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாத கணினியில் தொடங்கவே கூடாது.