கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்



"கண்ணு மஞ்சளா இருக்கே, கீழாநெல்லியை அரைச்சு மோரில் கலந்து குடி, சரியாப் போயிடும்" என்று சொல்லாத பாட்டி திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் உண்டா? வரப்போரம் முளைக்கும் இச்செடியை ஆயுர்வேதம் பூம்யாமலகி என்கிறது. சித்த வைத்தியத்திலும் காமாலைக்குப் பேர்போன மூலிகை இது. அப்படியானால் டாக்டரிடம் எதற்குப் போக வேண்டும்?

காமாலை ஒரு அடையாளமே

காமாலை என்பது நோயின் அடையாளம். அசுத்தமான நீர், உணவு வழியே வரும் 'ஏ' வகைக் கிருமியால் உண்டாகும் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த நாட்களில் கீழாநெல்லி குடித்திருந்தால், நல்ல பேர் அதற்குப் போய்விடுகிறது!

'பி', 'சி' வகைக் கிருமிகள் அப்படியல்ல. இரத்தம், சுத்தமில்லாத ஊசி மூலம் இவை பரவும். 'பி' வகை உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றும். கண் மஞ்சளாகாமல், வலியும் தராமல், வருஷக்கணக்கில் உள்ளேயே தங்கும். கடைசியில் கல்லீரல் சுருங்கலாம், புற்றுநோயும் வரலாம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

சென்னையில் 'பி' கிருமி நீடித்திருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 1988-ல் வெளியான முடிவின்படி, 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்தில் மறைந்தது. வெறும் மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் போதிய ஆதாரம் இல்லையென்றே கூறினர்.

எனவே மூலிகையை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. நோய் திடீரென முற்றலாம். சில பொடி, லேகியங்களில் கலந்துள்ள உலோகங்கள் கல்லீரலையே கெடுக்கலாம். நாட்டு மருந்து சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. கர்ப்பிணிகள் 'பி' கிருமிக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

2. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி. பிறகு 6, 10, 14-வது வாரங்களில். பச்சைக் குழந்தையாகத் தொற்று பெறுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நீடித்துவிடுகிறது. "அப்புறம் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்!

3. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிளேடு, பல் துலக்கும் பிரஷ் தனித்தனியே இருக்கட்டும். சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது, யாரையும் ஒதுக்காதீர்கள்.

4. மதுவைத் தொடாதீர்கள். காமாலைக்குச் சூடு போடாதீர்கள்.

'பி' வகையை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். 'சி' வகையைப் பெரும்பாலும் 12 வாரத்தில் குணமாக்கலாம். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

பாட்டி சொல்லைத் தட்ட வேண்டாம். இரத்தப் பரிசோதனையைத் தள்ளவும் வேண்டாம்!