இரட்டிப்பு நாணய மோசமும் கரிசல் நாட்டுக் குடியானவரும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலூகாக்களில் மானாவாரிப் புஞ்சை வைத்திருக்கும் குடியானவர் வருஷத்தில் இரண்டு சமயங்களில்தான் மொத்தமாகப் பணத்தைக் கண்ணால் பார்க்கிறார். ஆவணி, புரட்டாசியில் பயிர்க்கடன் வரும்போது ஒரு தடவை. தை, மாசியில் மக்காச்சோளமும் கொத்தமல்லியும் பருத்தியும் விலையாகும்போது மற்றொரு தடவை. இவ்விரு சமயங்களிலும் அவர் கையில் பணத்தோடு கைப்பேசியும் இருக்கிறது. பணம் சில நாள் வங்கிக் கணக்கில் சும்மாயிருக்க, மழையையும் மேகத்தையும் பார்த்துக்கொண்டு அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்த இடைவேளையிலேதான் இக்கட்டுரையில் சொல்லப்படும் மோசம் உள்ளே நுழைகிறது.

மோசத்தின் உருவம் மிக எளியது. உலகப் பிரசித்தி பெற்ற செல்வந்தர் ஒருவர், அல்லது ஒரு பெரிய கம்பெனி, கிரிப்டோ நாணயத்தை ஜனங்களுக்கு இனாமாக வழங்குவதாக முகநூலிலோ, யூடியூபிலோ, வாட்ஸ்அப்பிலோ, டெலிகிராமிலோ ஓர் அறிவிப்பு வருகிறது. இனாம் பெற ஒரேயொரு நிபந்தனை உண்டு. பெறுவோர் முதலில் சிறிது நாணயம் அனுப்ப வேண்டும். அனுப்பியது இரட்டிப்பாகத் திரும்பி வரும். அரை மணியோ ஒரு மணியோதான் அவகாசம். அனுப்பியவருக்கு ஒன்றும் திரும்பி வருவதில்லை.

இவ்வளவு மொட்டையான பொய்யை யார் நம்புவார் என்று கேட்கலாம். 2020-ஆம் வருஷம் ஜூலை 15-ஆம் தேதி நடந்ததைக் கவனித்தால் விடை கிடைக்கும். அன்று டுவிட்டர் என்னும் தளத்தில் (2023-இல் இதன் பெயர் எக்ஸ் என மாற்றப்பட்டது) அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி பராக் ஒபாமா, அப்போது ஜனாதிபதி தேர்தலில் நின்ற ஜோ பைடன், பில் கேட்ஸ், எலான் மஸ்க், ஜெஃப் பெசோஸ், வாரன் பஃபெட் ஆகியோருடைய கணக்குகளிலிருந்தும், ஆப்பிள், ஊபர் கம்பெனிகளின் கணக்குகளிலிருந்தும் ஏறக்குறைய ஒரே வாசகம் வெளிவந்தது. 1,000 டாலர் பெறுமான பிட்காயின் அனுப்புவோருக்கு 2,000 டாலர் பெறுமானம் திருப்பி அனுப்பப்படும் என்பதே அது. கணக்குகள் போலியல்ல, அசலானவை. பெயருக்குப் பக்கத்தில் சரிபார்ப்புக் குறியும் இருந்தது. கள்வர்கள் அத்தளத்தின் சிப்பந்திகளுக்கே தொலைபேசியில் பேசி, கம்பெனியின் கணினிப் பிரிவு ஆட்கள் போல நடித்து, உள் திறவுகோல்களைக் கைப்பற்றியிருந்தார்கள். சுமார் 130 கணக்குகளைக் குறிவைத்து, 45 கணக்குகளிலிருந்து செய்தி வெளியிட்டார்கள். சில மணி நேரத்துக்குள் சுமார் 1,18,000 டாலர் பெறுமான பிட்காயின் அவர்களிடம் சேர்ந்தது. தலைமை வகித்தவன் புளோரிடா மாகாணத்தைச் சேர்ந்த 17 வயதுப் பையன். அவனுக்கு 2021-இல் மூன்று வருஷக் காவலும், உடந்தையாயிருந்த பிரிட்டிஷ்காரர் ஒருவருக்கு 2023-இல் ஐந்து வருஷச் சிறையும் விதிக்கப்பட்டன.

ஏமாந்தவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். பிட்காயினை வாங்கவும் அனுப்பவும் தெரிந்தவர்கள். ஆகவே படித்தவன் ஏமாறமாட்டான் என்று கிராமத்தில் சொல்லப்படுவது இவ்விஷயத்தில் செல்லாது. அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் கணக்குப்படி, 2020 அக்டோபர் முதல் 2021 மார்ச் வரையிலான ஆறு மாதத்தில், எலான் மஸ்க் பெயரில் நடித்தவர்களிடம் மட்டும் ஜனங்கள் இழந்ததாகப் புகார் செய்த தொகை 20 லட்சம் டாலருக்கு மேற்பட்டது.

நம் தேசமும் இதற்கு விலக்கல்ல. 2021-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி பின்னிரவில் பிரதம மந்திரியின் டுவிட்டர் கணக்கே சிறிது நேரம் அந்நியர் கைக்குப் போயிற்று. இந்தியா பிட்காயினைச் சட்டபூர்வமான நாணயமாக ஏற்றுக்கொண்டதாகவும், அரசாங்கம் 500 பிட்காயின் வாங்கிக் குடிமக்கள் அனைவருக்கும் பங்கிடுவதாகவும் அதில் எழுதப்பட்டது. 2022 ஜனவரியில் மத்திய செய்தி ஒலிபரப்பு இலாகாவின் கணக்கைக் கைப்பற்றியவர்கள் அதன் பெயரையே எலான் மஸ்க் என மாற்றிவிட்டார்கள். 2024 செப்டம்பர் 20-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் யூடியூப் வரிசையில், வழக்கு விசாரணைக்குப் பதிலாக அமெரிக்க கிரிப்டோ நாணயம் ஒன்றைப் பற்றிய காட்சி ஓடிற்று. பிரதம மந்திரி கணக்கும் சுப்ரீம் கோர்ட்டின் வரிசையும் இந்தக் கதியடையுமானால், ஊர் விவசாயிகள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது என்பது ஒரு செய்தி உண்மையென்பதற்கு எவ்வித அத்தாட்சியும் ஆகாது.

இப்போது முகமும் குரலும்கூடக் கணினியால் செய்யப்படுகின்றன. செல்வந்தரோ மந்திரியோ முன்னொரு காலத்தில் அளித்த பேட்டியை எடுத்து, உதடும் சொல்லும் பொருந்துமாறு மாற்றி, நேரடி ஒளிபரப்பென்று காட்டுகிறார்கள். பக்கத்தில் கட்டம்கட்டமான கியூஆர் குறி ஒன்று; கீழே நேரம் குறைந்துகொண்டே வரும் கடிகாரம்; அதற்கும் கீழே பணம் வந்துவிட்டது, நன்றி என்று வரிசையாகப் பலர் எழுதிய வாக்கியங்கள். அவ்வாக்கியங்களும் கள்வர் எழுதியவையே. சந்தையில் மாட்டுத் தரகன் தன் கூட்டாளியையே வாங்குபவன் போல நிறுத்தி விலை பேசவைப்பதைப் பார்த்திருக்கும் நம் குடியானவர்களுக்கு இது புதிய வித்தையல்ல.

கிரிப்டோ நாணயம் இம்மோசத்துக்கு ஏன் இவ்வளவு பொருத்தமாயிருக்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. பிட்காயின் 2009-ஆம் வருஷம் ஜனவரியில் புழக்கத்துக்கு வந்தது. அதற்குத் தலைமை வங்கி இல்லை. பரிமாற்றங்கள் உலகெங்குமுள்ள பல கணினிகளில் ஒரே பேரேடாக எழுதப்படுகின்றன. ஒருமுறை எழுதி உறுதியான பரிமாற்றத்தை அழிக்க எவருக்கும் அதிகாரமில்லை. பேரேட்டில் பெயர் இராது, நீண்ட எழுத்து வரிசையான முகவரி மட்டுமே இருக்கும். வங்கிக் காசோலையை நிறுத்தச் சொல்வதுபோல இதில் நிறுத்தச் சொல்ல ஆளில்லை. தடுக்கக்கூடிய சமயம் அனுப்புவதற்கு முன்புதான். மேற்சொன்ன 2020 ஜூலைச் சம்பவத்தில் காயின்பேஸ் என்னும் பரிவர்த்தனை நிலையம் அந்த முகவரியை உடனே மறித்ததால், அதன் வாடிக்கைக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அனுப்ப முயன்ற சுமார் 2,80,000 டாலர் தப்பிற்று. கள்வருக்குக் கிடைத்ததைவிடத் தப்பியது அதிகம்.

நாணயம் வைத்திருப்பவருக்குப் பணப்பை ஒன்றும், அதைத் திறக்க 12 அல்லது 24 சொற்களும் கொடுக்கப்படுகின்றன. இவற்றை விதைச் சொற்கள் என்கிறார்கள். பெயர் வைத்தவர் உழவு அறிந்தவரோ என்னவோ, பெயர் மிகப் பொருத்தம்: விதையைக் கொடுத்தவன் விளைச்சலையும் கொடுத்தவனாவான். இனாம் சேர்ப்பதற்கென்று அச்சொற்களை எவர் கேட்டாலும் முழுப் பையும் போய்விடும்.

எங்களிடம் பிட்காயினும் இல்லை, பணப்பையும் இல்லை. இது எங்களை என்ன செய்யும் என்று மிராசுதார்கள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணமே அபாயகரமானது. நாணயம் இல்லாதவரிடம் கள்வர் நாணயம் கேட்பதில்லை; ரூபாயை யுபிஐ மூலம் ஒரு வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி, தாங்களே நாணயமாக மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள்.

திருச்சுழிப் பக்கத்தில் ஐந்து ஏக்கர் கரிசல் உள்ள ஒருவர் 40,000 ரூபாய் பயிர்க்கடன் பெற்றதாக வைத்துக்கொள்க. பரீட்சார்த்தமாக 500 ரூபாய் அனுப்புகிறார். மறுநாள் 1,000 ரூபாய் மெய்யாகவே வருகிறது. புறாவுக்கு முதலில் இறைக்கும் தானியம் இது. பிறகு 10,000 அனுப்புகிறார். கைப்பேசியில் ஒரு செயலி 20,000 என்று காட்டுகிறது. ஆனால் எடுக்க முடியவில்லை. அரசாங்க வரி 30 சதவீதம், 6,000 ரூபாயை முதலில் கட்டினால் முழுத்தொகையும் விடுவிக்கப்படும் என்று பதில் வருகிறது. கட்டுகிறார். அடுத்து விடுவிப்புக் கட்டணம், அதற்கடுத்துக் கணக்குச் சரிபார்ப்பு வைப்புத்தொகை. போட்டதை மீட்க வேண்டுமென்ற எண்ணமே மேலும் போடச் செய்கிறது. கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி உண்டென்பது மெய்தான். கள்வர் பொய்யோடு ஒரு மெய்யைக் கலந்துவைப்பது வழக்கம். ஆனால் வருமான வரி சர்க்காருக்குச் செலுத்தப்படுவது. இனாம் கொடுப்பவன் சொல்லும் முன்பின் தெரியாத ஒருவன் கணக்கில் செலுத்தப்படுவதன்று.

இதற்குள் புரட்டாசி போய்விடுகிறது. பருவமழைக்கு முன்பே விதைக்க எண்ணியிருந்த பருத்திக்கு விதை வாங்கவில்லை. கரிசலில் முதல் மழையின் ஈரம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பதம் தப்பினால் அவ்வருஷத்து வெள்ளாமை பாதியாகும். கெடுவுக்குள் கட்டுவோருக்குக் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனில் வட்டி இல்லை. கெடு தவறினால் அச்சலுகையும் போய்விடும். ஆகவே நஷ்டம் கைப்பேசியில் காட்டிய தொகையோடு நிற்பதில்லை. அது சீமைக் கருவேல மூட்டத்துக்குக் கூலிக்குப் போவதிலும், மாட்டை விற்பதிலும் போய் முடியலாம்.

இம்மாதிரி வலை நம் மாகாணத்து விவசாயிகளுக்கு முன்னரே வீசப்பட்டதுதான். 1990-களில் தேக்கு மரப் பங்குகள் விற்ற கம்பெனிகள் உண்டு. 2012 ஆகஸ்டில் பெருந்துறை ஈமுக் கோழிப் பண்ணைத் தொழில் சரிந்தபோது, தீவனமின்றித் தவித்த பறவைகளுக்குக் கால்நடை இலாகா தீவனம் போட வேண்டியதாயிற்று. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ஒரு கட்டடமும், அதில் உட்கார்ந்த ஒரு ஆளும், கொட்டகையில் பறவையும் இருந்தன. வழக்குத் தொடுக்கவும் பறிமுதல் செய்யவும் ஏதோ இருந்தது. இங்கே கொட்டகையுமில்லை, ஆளுமில்லை.

மானியத் திட்டங்களிலும் விவசாயி தம் பங்கைக் கட்டத்தானே வேண்டியிருக்கிறது, இதில் மட்டும் முதலில் கட்டுவது எப்படித் தவறாகும் என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. சொட்டுநீர்க் கருவிக்கோ விதைக்கோ கட்டும் பங்கு ஒரு சாமானின் விலையில் ஒரு பகுதி, ரசீது உண்டு, வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு நேரில் போய்க் கேட்கலாம். பணத்தைக் கொடுத்து அதே பணத்தை இரட்டிப்பாகப் பெறும் திட்டம் எந்த இலாகாவிலும் இல்லை. மெய்யாகவே கொடுக்க விரும்பும் கோடீசுவரன், குடியானவனுடைய 500 ரூபாய் கைக்கு வந்த பிறகுதான் கொடுக்க முடியும் என்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

கிராம உத்தியோகஸ்தர்களுக்குத் தனியாகச் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சிச் செயலர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஆகியோரின் வாட்ஸ்அப் கணக்கு தனி மனிதருடைய கணக்கு மாத்திரமல்ல. அதிலிருந்து வரும் செய்தியைப் பயிர்க் காப்பீட்டுக் கெடுவைப் போலவே ஊரார் நம்புகிறார்கள். ஆகவே கள்வருக்கு அக்கணக்கு நல்ல கொள்ளை. அதில் இரட்டைச் சரிபார்ப்பு என்னும் ஆறு இலக்கப் பூட்டைப் போட்டுவைக்க வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் எண்ணை யார் கேட்டாலும் சொல்லலாகாது. கல்யாணப் பத்திரிகை, உதவித்தொகைப் பட்டியல் என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்புகளைத் திறக்கலாகாது.

இதைவிட வருந்தத்தக்கது, ஊர் வாலிபர்கள் சிலருடைய வங்கிக் கணக்கைக் கமிஷனுக்கு வாடகை கேட்டு வாங்கும் வழக்கம். வேறெங்கோ ஏமாந்தவருடைய பணம் அக்கணக்கு வழியாகக் கடந்து போகிறது. புகார் எழுந்ததும் போலீசார் கணக்கை முடக்குவார்கள்; கணக்கு பிள்ளையின் பெயரில் இல்லாமல் தகப்பனார் பெயரில் இருந்தால், வருஷத்துக்கு 6,000 ரூபாய் வரும் பிரதம மந்திரி விவசாயி உதவித்தொகையும், பருத்தி விற்ற பணமும் அதிலேயே சிக்கும். ஏதும் அறியேன் என்று சொன்ன மாத்திரத்தில் வழக்கு நீங்கிவிடாது. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பணம் போய்விட்டதாக எவரேனும் வந்து சொன்னால், அவரைக் கடிந்துகொண்டிருப்பதில் நேரத்தைப் போக்கலாகாது. வெட்கத்தால் இரண்டு நாள் மறைத்துவைப்பதே பெரும்பாலும் பணத்தை முற்றிலும் தொலைப்பது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். அல்லது சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்னும் சர்க்கார் தளத்தில் எழுத வேண்டும். பணம் இன்னும் ஏதேனும் ஒரு வங்கியில் தங்கியிருந்தால் நிறுத்திவைக்க வழியுண்டு. நாணயமாக மாறிவிட்டால் மிகக் கடினம். பரிமாற்ற எண், அனுப்பிய நேரம், பெற்ற கணக்கு அல்லது நாணய முகவரி, வந்த செய்திகள் ஆகியவற்றை அழிக்காமல் படம் பிடித்து வைக்க வேண்டும். தம் வங்கிக்கும் அப்பொழுதே தெரிவிக்க வேண்டும்.

புகார் செய்த சில நாளில், இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக ஒருவன் பேசுவான். வக்கீல் என்பான், சைபர் போலீஸ் என்பான், முத்திரையிட்ட கடிதமும் அனுப்புவான். செலவுக்கு 5,000 ரூபாய் கேட்பான். ஏமாந்தவர்களின் பட்டியல் கள்வருக்குள் கைமாறுவதால் இப்படி நேரிடுகிறது. அவனுடைய எண்ணையும் குறித்துக்கொண்டு, முந்திய புகாரோடு சேர்த்துக் கொடுக்கவும்.