பாம்பின் சட்டையும் காற்றின் ஈரமும்

பாம்பு உரிக்கும் சட்டை, தலை முதல் வால் வரை ஒரே உறையாகக் கழல வேண்டும். காற்று வறண்டிருந்தால் அது துண்டு துண்டாகக் கிழியும். கண்ணை மூடியுள்ள ஒளிபுகும் செதிலும் உரியாமல் தங்கிவிடும்.

மேலைநாடுகளில் பலர் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்புக்கு 50 முதல் 60 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் ஏற்றது. சட்டை உரிக்கும் நாள்களில் சற்றுக் கூடுதலாகத் தேவை. இதைக் காப்பது ஏன் கடினம்? 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைக் கொள்ளும். 32 டிகிரியில் சுமார் 34 கிராம். ஆகவே, 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள அறைக்காற்று விளக்கினால் 32 டிகிரிக்குச் சூடேறினால், நீராவி குறையாமலேயே ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும்.

எனவே, வளர்ப்போர் அகன்ற நீர்த்தட்டு வைப்பர்; தேங்காய் நார்த்தூள் பரப்புவர்; வலைமூடியின் ஒரு பகுதியை மறைப்பர்; ஈரப்பாசி இட்ட மறைவிடம் ஒன்றும் அமைப்பர். மூடியை முழுவதும் அடைக்கக் கூடாது. காற்றோட்டமற்ற ஈரத்தில் தோல் கொப்புளங்களும் சுவாச நோயும் வரும்.

நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு போன்றவற்றைப் பிடித்து வளர்ப்பது நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாம்பு இல்லாமலேயே இப்பாடத்தைக் கற்பிக்கலாம். மூடிய கண்ணாடித் தொட்டிக்குள் வெப்பமானியும் ஈரப்பதமானியும் வைத்து, விளக்கால் சூடேற்றும் முன்னும் பின்னும் மாணவர்கள் அளவைக் குறிக்கட்டும். பிறகு ஈர நார்த்தூள் பரப்பி மீண்டும் அளக்கட்டும். "நீராவி வெளியே போகவில்லையே, ஈரப்பதம் ஏன் குறைந்தது?" என்ற கேள்வியை அவர்களே எழுப்புவார்கள்.