சோளகம் எதைக் கொண்டுவரும்?

யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவின் இறுப்பிட்டியிலிருந்து தென்மேற்கே, கடலுக்கு அப்பால், ஏறத்தாழ 280 கிலோமீற்றரில் கூடங்குளம் அணுமின் நிலையம். வடக்கே ஏறத்தாழ 330 கிலோமீற்றரில் கல்பாக்கம். சோளகம் கூடங்குளப் பக்கமிருந்து தீவுகளை நோக்கி வீசும். வாடை கல்பாக்கப் பக்கமிருந்து வீசும். அந்த இரண்டு இடங்களிலும் சேரும் அணுக்கழிவால் தீவுப்பகுதி மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து உண்டா? இதைத் தூரத்தை மட்டும் அளந்து சொல்லிவிட முடியாது.

முதலில் பார்க்கவேண்டியது, கழிவில் என்ன இருக்கிறது என்பதை. அயடீன்-131 எட்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். பழைய கழிவில் அது மிஞ்சாது. தசையில் சேரும் சீசியம்-137 பாதியாக 30 ஆண்டுகள் ஆகும். எலும்பில் தங்கும் ஸ்ரொன்சியம்-90 க்கும் கிட்டத்தட்ட அவ்வளவு காலம். புளூட்டோனியம்-239 க்கு 24,000 ஆண்டுகள். அதனால்தான் கூடங்குளம் வழக்கில் 2013 மே மாதம் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், பயன்படுத்திய எரிபொருளை வைக்க ஆழ்நிலக் களஞ்சியம் விரைவில் வேண்டும் என்றது. அப்படியொரு களஞ்சியம் இந்தியாவில் இன்னும் இல்லை.

அடுத்தது, அது வரும் வழி. பிரித்தானியாவின் செலாஃபீல்ட் ஆலை 1994 முதல் கூடுதலாகக் கடலில் விட்ட தெக்னீசியம்-99, நீரோட்டத்தோடு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் போய், சில ஆண்டுகளில் நோர்வேக் கரையின் கடற்பாசியிலும் சிங்கி இறாலிலும் தென்பட்டது. அதைத் தின்றவர்களுக்குக் கிடைத்த கதிர்வீச்சு மிகக் குறைவுதான். ஆனால் சந்தை கெட்டுவிடும் என்று மீனவர்கள் அஞ்சினார்கள். நோர்வே விடாமல் வற்புறுத்தியது. 2004 இல் பிரித்தானியா சுத்திகரிப்பு முறையை மாற்றியது. நோர்வேயின் கையில் அளவீடுகள் இருந்ததால்தான் அந்த வாதம் எடுபட்டது.

மூன்றாவது, வந்து சேரும் இடம். இங்கேதான் தீவுப்பகுதி தனித்து நிற்கிறது. இந்தத் தீவுகளில் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தேங்கும் மழைநீர்தான் நல்ல தண்ணீர்க் கிணறுகளுக்கு ஊற்று. காற்றில் வருவது எதுவானாலும் மழையோடு இறங்கி நேரே அங்கே போய்ச் சேரலாம். சாப்பாட்டிலோ மீன், நண்டு, கணவாய், இறால் என்று கடலுணவே மிகுதி. கொழும்புவாசியின் உணவுக் கணக்கை வைத்து இறுப்பிட்டிக்காரரின் ஆபத்தைக் கணித்தால் விடை பிழைக்கும்.

கடலுணவில் கதிரியக்கம் இயற்கையாகவே உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. மீனிலும் சிப்பியிலும் பொலோனியம்-210 எப்போதும் இருக்கிறது. உலகில் சராசரி மனிதருக்கு இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேட் கதிர்வீச்சு கிடைக்கிறது. அணு நிலையங்கள் போன்ற செயற்கை மூலங்களால் பொதுமக்களுக்குச் சேரலாம் என்று சர்வதேசப் பரிந்துரை விதிக்கும் எல்லை ஆண்டுக்கு 1 மில்லிசீவேட். நிலையங்கள் வழமையாக இயங்கி, கழிவும் உரிய காவலில் இருக்குமானால், இவ்வளவு தூரத்துக்கு வரக்கூடியது இயற்கைப் பங்கின் பக்கத்திலும் நிற்காது. விபத்து நேர்ந்தால் கணக்கு வேறு. அன்று மீனில் ஓர் எண் தெரிந்தால், அது நேற்றும் இருந்ததா, இன்று வந்ததா என்று பிரித்தறிய நேற்றைய எண் வேண்டும்.

ஐரோப்பாவில் 1957 ஆம் ஆண்டின் யூராற்றம் உடன்படிக்கையின் 37 ஆவது உறுப்புரை, கழிவகற்றும் திட்டத்தின் தரவுகளை உறுப்பு நாடுகள் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் கொடுக்கச் சொல்கிறது. வேறோர் உறுப்பு நாட்டின் நீர், நிலம், காற்று மாசுபடுமா என்று ஆணைக்குழு ஆறு மாதத்துக்குள் கருத்துரைக்க வேண்டும். நம் பக்கத்தில், இந்தியாவும் இலங்கையும் 2015 பெப்ரவரியில் செய்த அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கதிரியக்கக் கழிவு மேலாண்மையும் விபத்துத் தணிப்பும் இடம்பெற்றுள்ளன. ஆனால் ஐரோப்பாவில் போல, இரு நாட்டுக்கும் மேலே நின்று கருத்துச் சொல்ல இங்கே எவரும் இல்லை.

ஆகவே முதல் வேலையை இந்தக் கரையிலேயே தொடங்கலாம். கிணற்று நீர், மழைநீர், மீன், நண்டு, தாய்மார் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பசுப்பால் ஆகியவற்றைச் சோளகத்திலும் வாடையிலும் ஆண்டுதோறும் அளந்து, முடிவை ஊருக்கே தெரியும்படி வெளியிட வேண்டும். இலங்கை அணுசக்திச் சபையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கைகோத்தால் நடக்கக்கூடிய காரியம் இது. வீண் பயத்தைத் தீர்ப்பதற்கும், நாளை நியாயம் கேட்பதற்கும் அதே பதிவேடுதான் வேண்டியிருக்கும்.