எருக்குழியிலிருந்து ஒரு துப்புரவுப் படை

எருக்குழி ஓரத்தில் பல நாளாகக் கிடக்கும் செங்கல் ஒன்றைப் புரட்டுங்கள். வெளிச்சம் பட்டதும் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத சாம்பல் நிற உயிர்கள் நாலாபுறமும் சிதறி ஓடும். சில வகைகள் ஓடாமல் தொட்டவுடன் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். செல்லப்பிராணி வளர்ப்பவர்கள் இவற்றை ஐசோபாட் என்கிறார்கள். நகரங்களில் பல்லி, பாம்பு, தவளை வளர்ப்பவர்கள் இவற்றைக் காசு கொடுத்து வாங்கி, அந்த விலங்குகள் வாழும் கண்ணாடிப் பெட்டிக்குள் விடுகிறார்கள். எச்சத்தையும் உரித்த தோலையும் செத்த இரையையும் தின்று மண்ணாக்கும் வேலை இவற்றினுடையது. அந்த வேலைக்குத் தேவையான கூட்டத்தை வீட்டிலேயே பெருக்கிக்கொள்ளலாம். புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலை போன்ற வறண்ட பாறைப் பூமியிலும் அது முடியும். அதற்கு முதலில் இந்த உயிரைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இது பூச்சியே அல்ல. நண்டும் இறாலும் சேர்ந்த ஓட்டுடலிகள் கூட்டத்தைச் சேர்ந்தது. பூச்சிக்கு ஆறு கால்; இதற்கு ஏழு ஜோடி, ஆக 14 கால்கள். உருண்டையாகச் சுருளும் மரவட்டை வகையோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. கால்களை எண்ணினால் சந்தேகம் தீர்ந்துவிடும். மரவட்டையின் பெரும்பாலான உடல் வளையங்களில் இரண்டு ஜோடிக் கால்கள் இருக்கும், ஐசோபாடின் கால் வளையம் ஒவ்வொன்றிலும் ஒரே ஜோடிதான். கடலை விட்டுக் கரையேறி, வாழ்நாள் முழுவதையும் நிலத்திலேயே கழிக்கக் கற்ற ஓட்டுடலிகளில் இந்தப் பிரிவைப்போல வென்றது வேறில்லை. இன்றுவரை 3,500க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இவற்றின் உறவான லிஜியா என்ற பேரினம் இன்றும் கடலோரப் பாறைகளிலும் துறைமுகக் கற்களிலும் அலை படும் உயரத்தில் ஓடித் திரிகிறது. கடலுக்கும் கரைக்கும் இடையில் நின்றுவிட்ட வடிவம் அது.

கரையேறியும் கடலின் சுவடு இவற்றை விடவில்லை. பூச்சியின் தோலில் ஈரம் வெளியேறாமல் காக்கும் மெழுகுப் படலம் உண்டு. இவற்றுக்கு அந்தக் காப்பு மிகக் குறைவு. மூச்சும் வயிற்றுக்கு அடியிலுள்ள தட்டையான உறுப்புகள் வழியாகத்தான் நடக்கிறது. பல இனங்களைப் புரட்டிப் பார்த்தால் பின்பக்கத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். அவைதாம் நுரையீரல்கள். அந்த உறுப்புகள் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். நீரில் மூழ்கினாலும் நெடுநேரம் தாங்காது. ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும் என்ற இந்த இரட்டைத் தேவையை மறப்பவர்களின் பெட்டியில்தான் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன.

நார்த்தாமலையின் வெறும் பாறை சித்திரையில் எப்படிக் கொதிக்கும் என்பது குன்றின் மேலுள்ள விசயாலய சோழீச்சுரக் கோயிலுக்கு நண்பகலில் ஏறியவர்களுக்குத் தெரியும். ஆனால் அதே குன்றில் சுனையின் ஓரமும், இலைமக்கு சேர்ந்த பாறை வெடிப்பும் வேறொரு தட்பவெப்பத்தில் இருக்கின்றன. சில அடி தூரத்துக்குள் பாலையும் ஈரக்காடும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. ஐசோபாட் போன்ற சிறிய உயிருக்கு வானிலை அறிக்கையின் வெப்பநிலை பெரிதல்ல, தான் ஒண்டியிருக்கும் கல்லின் அடிப்பகுதியில் என்ன நிலவுகிறது என்பதே பெரிது. வளர்ப்புப் பெட்டியிலும் நாம் செய்யவேண்டியது அந்த வெடிப்பைத்தான்: ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காய்ந்த தரை. எங்கே இருப்பது என்பதை அவையே தேர்ந்துகொள்ளும்.

பெட்டி எளிது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். கோடை கடுமையான ஊர்களுக்கு வாயகன்ற மண்தொட்டி இன்னும் நல்லது என்பது என் கருத்து. சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி நிற்கும். டப்பாவானால் எதிரெதிர்ப் பக்கங்களில் துளையிட்டு, நுண்ணிய கொசுவலையை ஒட்டுங்கள். காற்றோட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐசோபாட் சிறுநீராக எதையும் கழிப்பதில்லை. உடலின் நைட்ரஜன் கழிவை அம்மோனியா வாயுவாகவே வெளிவிடுகிறது. இறுக மூடினால் அந்த வாயு உள்ளேயே தேங்கும்.

அடியில் மூன்று அங்குலத்துக்குத் தோட்டமண்ணும் தென்னை நார்க்கழிவும் கலந்து பரப்புங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே போடவேண்டும். பூஞ்சை படிந்து மெத்தென்று ஆகிவிட்ட முருங்கைக் கட்டைத் துண்டுகளைச் சேர்த்தால் மிகவும் விரும்பும். அதன் மேல் காய்ந்த இலைகளைத் தடிமனாகப் போடுங்கள். அலங்காரமோ போர்வையோ அல்ல, அன்றாட உணவே அந்த இலைதான். வாதாமரம், மா, பலா, பூவரசு, ஆல் ஆகியவற்றின் பழுத்து உதிர்ந்த இலைகள் ஏற்றவை. வேப்பிலை வேண்டாம், பூச்சிகளை விரட்டும் அதன் சத்து இங்கே எதிரி. புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கும் கிடைக்கும் தைல மரத்து இலையும் வேண்டாம். அதிலுள்ள எண்ணெய் மக்குவதையே தாமதப்படுத்துகிறது. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்து இலையைத் தொடவே கூடாது.

டப்பாவின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நனைத்து வையுங்கள். அந்த ஈரப்பகுதியில் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து வைத்தால் பகலெல்லாம் அதனடியில் கூடிக் கிடக்கும். நாள்தோறும் முழுவதையும் நனைப்பவர்கள் அன்பால் கொல்கிறார்கள்.

எதைப் பிடித்து வளர்ப்பது? தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை பொர்செல்லியோனிடஸ் புரூயினோசஸ் என்ற இனம். நீலம் கலந்த சாம்பல் உடலின்மேல் திருநீறு பூசியதுபோல் ஒரு மெல்லிய தூள் படர்ந்திருக்கும். சுருளாது, விரைந்து ஓடும். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து மனிதனுடைய சரக்கோடும் செடியோடும் உலகெங்கும் பரவிய இனம் இது. எருவும் மக்கும் கிடக்கும் இடத்தில் செழிக்கும், வெப்பத்தையும் ஓரளவு தாங்கும், வேகமாகப் பெருகும். கடைகளில் ‘பவுடர் ப்ளூ’ என்ற பெயரில் விற்பது இதைத்தான். தாய்லாந்தின் சுண்ணாம்புக் குகைகளிலிருந்து வந்த ‘ரப்பர் டக்கி’ போன்ற வகைகள் பார்க்க அழகு. ஆனால் மெதுவாகத்தான் பெருகும், விலையும் அதிகம், நம் கோடையில் காப்பாற்றுவதும் கடினம். துப்புரவுக்கு அவை தேவையில்லை.

உங்கள் வீட்டு எருக்குழியிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ எடுங்கள். காப்புக்காட்டிலிருந்தும், தொல்லியல் துறை காக்கும் குன்றுகளிலிருந்தும் கல்லைப் புரட்டி எடுக்க வேண்டாம். அங்குள்ள இலைமக்கு அந்தக் குன்றின் சொத்து.

இனப்பெருக்கம் இந்த உயிரின் மிக அழகான பகுதி. பெண் ஐசோபாட் முட்டைகளை மண்ணில் இடுவதில்லை. மார்புக்கு அடியில் நீர் நிறைந்த பை ஒன்று உருவாகிறது. முட்டைகளைச் சுமப்பதும் அதில்தான், அவை பொரிவதும் அதில்தான். கடலை விட்டு வந்த உயிர் தன் குஞ்சுகளுக்கான சிறு கடலைத் தன்னோடே சுமந்து திரிகிறது. வெப்பமான இடத்தில் மூன்று நான்கு வாரங்களில் வெள்ளைப் புள்ளிகளாகக் குஞ்சுகள் வெளிவரும். அப்போது அவற்றுக்கு ஆறு ஜோடிக் கால்களே. ஏழாவது ஜோடி தோலுரித்த பிறகுதான் முளைக்கும். ட்ரைக்கோரினா டொமென்டோசா என்ற குட்டி வெள்ளை வகையில் ஆண் இல்லாமலே பெண்கள் பெருகுகின்றன. உருளும் வகையான அர்மடில்லிடியம் வல்கேரில் வோல்பேக்கியா என்ற பாக்டீரியா குடியேறினால், மரபணுவில் ஆணாக இருப்பதையும் பெண்ணாகவே வளர்த்துவிடுகிறது. தாய் வழியாகவே பரவும் பாக்டீரியாவுக்கு அது ஆதாயம்.

தோலுரிப்பும் விசித்திரம். முதலில் உடலின் பின்பாதி உரிகிறது, சில நாள் கழித்தே முன்பாதி. பின்பாதி உரிவதற்கு முன் பழைய ஓட்டிலுள்ள சுண்ணாம்பை இழுத்து, முன்பாதியின் அடிப்பக்கத்தில் வெள்ளைத் தகடுகளாகச் சேமித்து, புது ஓட்டை இறுக்க அதையே பயன்படுத்துகிறது. ஆகவே பாதி வெள்ளையாக ஒன்றைக் கண்டால் நோயென்று பதற வேண்டாம். மாறாக, பளிச்சென்ற ஊதா கலந்த நீலத்துக்கு மாறினால் அது இரிடோவைரஸ் தொற்று. அபூர்வ நிறமென்று மகிழ்ந்து விட்டுவைக்காமல் உடனே அப்புறப்படுத்துங்கள்.

சுண்ணாம்புச் சத்தில்தான் கருங்கல் பூமிக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். மண்ணில் இயல்பாக அது குறைவாக இருக்கும் என்பதால் வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். கழுவிக் காயவைத்துப் பொடித்த முட்டை ஓடு போதும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓடு அதைவிட நல்லது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று மீன்பிடித் தளங்கள் உள்ள மாவட்டத்தில் கணவாய் ஓட்டுக்குப் பஞ்சமில்லை. நன்றாக ஊறவைத்து உப்பை நீக்கி ஒரு துண்டைப் போட்டு வையுங்கள்.

இலையோடு வாரத்துக்கு ஒருமுறை பூசணியோ வெள்ளரியோ ஒரு துண்டு கொடுக்கலாம். புரதத்துக்கு உப்பு நீக்கிய நெத்திலிக் கருவாடு ஒன்றிரண்டு. புரதம் குறைந்தால் தோலுரித்து மெத்தென்று கிடக்கும் கூட்டாளிகளையே தின்னத் தொடங்கும். அளவுக்கு மீறினால் சிற்றுண்ணியும் ஈயும் பெருகும். தின்னாமல் மிஞ்சியதை மறுநாளே எடுத்துவிடுங்கள். தம் எச்சத்தையே அவை மறுபடி தின்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அந்த எச்சத்தில் வளரும் நுண்ணுயிர்கள் உணவாகின்றன. அதிலுள்ள தாமிரமும் திரும்பக் கிடைக்கிறது. இவற்றின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது தாமிரம் கலந்த புரதம்.

நம் வீடுகளில் முதல் எதிரி எறும்பு. ஒரே இரவில் பெட்டியைக் காலி செய்துவிடும். எறும்புச் சாக்பீஸால் கோடு கிழிக்காதீர்கள், அந்த மருந்து ஐசோபாடையும் கொல்லும். பெட்டியை நான்கு கால் பலகையில் வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். சமையலறை அலமாரிக்கு நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவந்த ஏற்பாடு இதற்கும் பொருந்தும்.

இனி, யாருக்காக இந்தப் படை? பால் பைத்தான், பியர்டட் டிராகன் போன்ற அயல்நாட்டு ஊர்வன வளர்ப்பவர்களுக்கு. அவர்களும் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பால் பைத்தான் போல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலிலுள்ள உயிர்களை வைத்திருப்போர், 2024இல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். நட்சத்திர ஆமை, உடும்பு, பச்சைக்கிளி போன்ற நம் நாட்டு உயிர்களை வீட்டில் வைப்பதே 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எவ்வளவு சுத்தமான கூண்டும் அதற்கு நியாயமாகாது.

கோழிக்கூண்டில் இவற்றை விடலாமா என்று கிராமத்தில் கேட்பார்கள். கூடாது. கோழி கண்டவுடன் தின்றுவிடும் என்பதோடு விஷயம் முடிவதில்லை. கோழியின் முன்வயிற்றைத் தாக்கும் டிஸ்பாரிங்க்ஸ் நசூடா என்ற புழு, தன் இளம்பருவத்தை ஐசோபாடின் உடலுக்குள் கழிக்கிறது. தின்ற கோழிக்குள் அந்தப் புழு வளரும்.

வேலையின் அளவையும் தெரிந்துகொள்வது நல்லது. சிறு பல்லியின் எச்சத்தையும் செத்த வெட்டுக்கிளியையும் இந்தப் படை சமாளிக்கும். பெரிய பாம்பின் எச்சத்தை நீங்கள்தான் அள்ள வேண்டும். ஐசோபாட் செய்வது அரைக்கும் வேலை. துகள்களாக்கியதை மண்ணிலுள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும் முடித்துவைக்கின்றன. ஆகவே பெட்டியில் உயிருள்ள மண்ணும் இலையும் இல்லாமல் வெறும் தாள் விரித்து இவற்றை விட்டால் பயனில்லை. புதிதாக வந்த விலங்கைச் சில வாரம் தாள் விரித்த தனிப் பெட்டியில் வைத்து, எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் சோதித்து, புழு இல்லையென்று தெரிந்த பிறகே மண்பெட்டிக்கு மாற்றுங்கள். நோயுற்ற விலங்கின் பெட்டியிலிருந்த ஐசோபாடை இன்னொரு பெட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். வெளிநாட்டு வகைகளை வாங்கியிருந்தால் எக்காரணத்தாலும் தோட்டத்திலோ காட்டிலோ கொட்டாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசியில் தொடங்குங்கள். இருபது முப்பது உருப்படிகள் போதும். முதல் குஞ்சுகளைப் பார்த்தவுடன் ஆசைப்பட்டு எடுத்து விலங்கின் பெட்டியில் போடாதீர்கள். தாய்க்கூட்டம் எப்போதும் தனியாக இருக்கட்டும். பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் தேர் ஓடும் நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கும் அளவுக்குப் பெருகியிருக்கும். அப்போதும் பாதியை மட்டும் எடுங்கள்.