உங்களுக்குத் தெரியுமா? வ்யூஃபைண்டரில் பார்த்தது வேறு, படத்தில் விழுவது வேறு!

எஃப்/1.4 லென்ஸ் மாட்டினாலும், பெரும்பாலான டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் வ்யூஃபைண்டர் ஏறத்தாழ எஃப்/2.8 லென்ஸின் காட்சியையே காட்டும். அதில் பளிச்சென்று தெரிந்த முகம் படத்தில் மங்கியிருக்கலாம்.

• ஒகேனக்கல் பரிசல்காரரை 1 மீட்டர் தூரத்தில், 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸில், ஃபுல் ஃப்ரேம் கேமராவால் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ.தான். கண் தெளிந்தால் காது மங்கும்.

• கேனான் 5டி மார்க் 2 கேமராவுக்கு இந்த மங்கலை வ்யூஃபைண்டரிலேயே காட்டவென்று ‘ஈஜி-எஸ்’ ஃபோகஸ் திரை உண்டு. ஆனால், எஃப்/4 லென்ஸ் மாட்டினால் காட்சி இருண்டு தெரியும்.

• ‘லைவ் வியூ’ சென்சாரில் விழுவதையே காட்டும். 10 மடங்கு பெரிதாக்கி, இமைமுடி தெளியும்வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். கரையில் நின்றால் சுலபம். பரிசல் ஆடினால் ஃபோகஸும் நழுவும்.